இடைக்காலம் என்றொரு பதவி

2013 ஜூலையில், இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடாத பெங்களூரு எஃப்சி கால்பந்து கிளப்புக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார் ஆஷ்லி வெஸ்ட்வுட். வயது 36. மான்செஸ்டர் யுனைடெட்டின் இளைஞர் அணியில் வளர்ந்து, குரூ, ஷெஃபீல்ட் வெட்னஸ்டே போன்ற கிளப்புகளில் பின்களத்தில் ஆடியவர். தலைமைப் பொறுப்பை அதுவரை எங்கும் வகித்ததில்லை. பிளாக்பர்னில் அவர் யாருக்கு உதவியாளராக இருந்தாரோ, அந்த மைக்கேல் ஆப்பிள்டனை 67 நாளில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இதே தகுதியோடு நம்மூர் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் போயிருந்தால், காத்திருக்கச் சொல்லித் தேநீர் கொடுத்திருப்பார்கள்.

துணிச்சல் பலித்தது. அதை மறுப்பது அற்பத்தனம். முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டம், 2015இல் ஃபெடரேஷன் கோப்பை, 2016இல் மறுபடியும் ஐ-லீக்.

பெங்களூரில் கற்ற தொழிலை அவர் மறக்கவும் இல்லை. 2024 மார்ச்சில் ஆப்கானிஸ்தான் பயிற்சியாளராகக் குவாஹாட்டிக்கு வந்து இந்தியாவை 2-1 என்று வென்றார். அது சுனில் சேத்ரியின் 150ஆவது சர்வதேச ஆட்டம். பெங்களூரில் வெஸ்ட்வுட்டுக்குக் கேப்டனாக இருந்தவர் அதே சேத்ரி. 2025 ஜூனில் ஹாங்காங் அணியோடு இன்னொரு வெற்றி, 1-0. நம்மிடம் படித்தவர் நம்மிடமே பரீட்சை எழுதித் தேறினார். இதில் கோபித்துக்கொள்ள எதுவும் இல்லை.

அதே பெங்களூரு கிளப்பில் ரிசர்வ் அணியை நடத்திவந்தவர் இந்தியரான நௌஷாத் மூசா. அவரும் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தவர்தான். 2021 ஜனவரியில் தொடர் தோல்விகளுக்குப் பிறகு தலைமைப் பயிற்சியாளர் கார்லஸ் குவாட்ரத்தை நீக்கியதும், மூசாவை இடைக்காலப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். அரசு அலுவலகங்களில் பதவிக்குப் பக்கத்தில் 'பொறுப்பு' என்று எழுதிவைப்பார்களே, அந்தச் சங்கதி. அடுத்த மாதமே மார்கோ பெஸ்ஸையோலியின் பெயரை அறிவித்துவிட்டார்கள். வரப்போகிறவர் யாரென்று வீரர்களுக்குத் தெரிந்த பிறகு, இருப்பவர் சொல்லுக்கு என்ன எடை இருக்கும்? அணி ஏழாம் இடத்தில் முடிந்தது.

அதே ஆண்டு டூரண்ட் கோப்பைக்குப் பெரும்பாலும் இளம் வீரர்களை மூசாவிடம் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பையன்கள் அரையிறுதிவரை போய், கோவாவிடம் பெனால்டியில்தான் தோற்றார்கள்.

காரைக்குடிப் பக்கம் கண்டனூரில் பிறந்த சிவசக்தி நாராயணனும் பெங்களூரு ரிசர்வ் அணி வழியே மேலே வந்தவர். அதற்கு முன்பு, இந்தியாவுக்கு ஆடிய ராமன் விஜயனின் பள்ளியில் பயின்றவர். 2022 டூரண்ட் இறுதியில் மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோல் அவருடையது. கோப்பை, அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் சைமன் கிரேசனின் கணக்கில் சேர்ந்தது. விதைத்தவர்களுக்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாது.

நம்மவர்கள் எல்லோரும் மேதைகள் என்று வாதாட வரவில்லை. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. என்று ஆலை வேலையில் இருந்துகொண்டே ஆடிய தலைமுறைக்குப் பயிற்சி ஒரு தொழிலாகவே தெரிந்திருக்காது. கௌதம்புரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிற ஊர் பெங்களூர். ஆட்டத்தின்மீது பிரியத்துக்குக் குறைவில்லை. குறைவது அவகாசம்தான்.

2025இல் மூசா இந்தியாவின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பயிற்சியாளரானார். அந்த அணி ஆசியத் தகுதிச்சுற்றில் பஹ்ரைனை 2-0 என்று வென்றது. இன்னொரு இந்தியரான காலித் ஜமீல் தேசிய அணிக்கே பயிற்சியாளராக வந்துவிட்டார். கிளப் முதலாளிகளிடம் கேட்பது ஒன்றே: வெஸ்ட்வுட்மீது 2013இல் வைத்த நம்பிக்கையில் பாதியை ஓர் இந்தியர்மீது, முழுதாக இரண்டு சீசன், அடைமொழி இல்லாமல் வையுங்கள். தோற்றால் அவரையும் முறைப்படி நீக்குங்கள்.