கலைச்சொல்லும் அரசின் கடப்பாடும்

சட்டத்தை அறியாமை குற்றத்திற்கு விலக்காகாது என்பது நீதித்துறையின் பழைய கோட்பாடுகளுள் ஒன்று. இக்கோட்பாடு குடிமக்கள்மீது ஒரு கடப்பாட்டினைச் சுமத்துகின்றது. ஆயின், அறியாமையை மன்னிக்க மறுக்கும் அரசு, குடிமக்கள் அறியக்கூடிய மொழியிலே தன் ஆணையை வெளியிடுதற்குக் கடமைப்பட்டுள்ளது. அமெரிக்கச் சட்ட மெய்யியலாளரான லொன் புல்லர், சட்டத்தின் ஒழுக்கவியல் குறித்து 1964இல் வெளியிட்ட நூலில், சட்டமுறைமையொன்று பேணவேண்டிய எட்டு நெறிகளுள் தெளிவினையும் ஒன்றாக வைத்தார். தெளிவற்ற சட்டம் மொழிக் குறைபாடுடையதோடு ஒழுக்கக் குறைபாடும் உடையது என்பது இதனாற் பெறப்படும்.

கணினி, வலையமைப்பு ஆகியன பற்றிய அரச கொள்கைகளில் இவ்வினா கூர்மை பெறுகின்றது. இலங்கையிற் கணினிக் குற்றங்கள் பற்றி 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமும், தனியாள் தரவுகள் பற்றி 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும், நிகழ்நிலைக் காப்புப் பற்றி 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இயற்றப்பட்டன. இவற்றின் எண்ணக்கருக்கள் ஆங்கிலத்தில் உருவாகிப் பின்னரே தமிழுக்கு வந்தவை.

'பாதுகாப்பு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். வலையமைப்பினை ஊடுருவலினின்று காத்தல், ஒருவரின் தரவினை அதனைத் திரட்டுவோரிடமிருந்து காத்தல், பாவனையாளரைத் தீங்கினின்று காத்தல், நாட்டினைப் பகைவரிடமிருந்து காத்தல் ஆகிய நான்கிற்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள் உள. தமிழிலோ நான்கும் பெரும்பாலும் 'பாதுகாப்பு' என்றே வழங்குகின்றன. இரண்டாவது பொருள் அரசின் கையையும் கட்டுவது. நான்காவது பொருள் அக்கட்டினைத் தளர்த்துவது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே தேசிய பாதுகாப்பு விலக்களிப்பிற்குரிய காரணங்களுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. பாதுகாப்பிற்குப் பாதுகாப்பே விலக்காகும்போது, காக்கப்படுவோர் யார், எவரிடமிருந்து என்று தமிழ் வாசகர் தெளிதல் அரிது. இவ்விடர்ப்பாட்டினை 'காப்பு' என்னும் சொல் ஓரளவு நீக்கலாம். எனினும் அது கைவளையினையும் நூல்முகப்பிலுள்ள செய்யுளினையுமே தமிழ்ச் செவிக்கு முதலில் நினைவூட்டுகின்றது.

இன்னோர் எடுத்துக்காட்டு, பிறர் கணினியினுள் உரிமையின்றிப் புகுதல் என்னும் குற்றம். இதனை 'அதிகாரமின்றி' என்று பெயர்ப்பதா, 'அனுமதியின்றி' என்று பெயர்ப்பதா? மேலதிகாரி வாய்மொழியாகக் கூறியவாறு அவரது கடவுச்சொல்லைப் பயன்படுத்தும் இலிகிதருக்கு அனுமதி உண்டு. அதிகாரம் உண்டா என்பது ஐயத்திற்குரியது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இக்குற்றத்திற்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். ஒரு சொல்லின் தெரிவிலே ஒருவரின் ஐந்தாண்டு தங்கியிருக்கக்கூடும்.

1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தத்தின்வழித் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் சிங்கள, தமிழ் உரைகளிடையே முரண்பாடு தோன்றின் சிங்கள உரையே மேலோங்கும் என்னும் வாசகம் இலங்கைச் சட்டங்களின் இறுதிப் பகுதியில் வழமையாகக் காணப்படுகின்றது. தமிழ் உரையினை நம்பி நடந்தவர், தாம் வாசியாத உரையினால் தீர்ப்பிடப்படும் நிலை இதனால் எழலாம். தமிழ்க் கலைச்சொல்லிலுள்ள வழுவின் விளைவினைச் சுமப்பவர், அதனை ஆக்கியவரல்லர், அதனை நம்பியவரே.

ஆங்கிலச் சொற்களையே எடுத்தாண்டால் இத்தொல்லை நீங்கும் என்பர் சிலர். 'வைரசு' போன்ற கடன்சொற்கள் பொருட்குழப்பமின்றி வழங்குவது உண்மையே. ஆயின் எல்லாச் சொல்லும் அத்தகையனவல்ல. வழக்கில் அடிபடும் 'சைபர் செக்கியூரிட்டி' என்பது பலருக்கும் ஒலியளவிலே அறிமுகமானது. காக்கப்படுவது யாது என்பதை அது உணர்த்துவதில்லை. மறுபுறம், 'கடவுச்சொல்' தமிழிலேயே ஆக்கப்பட்டு, தன் தொழிலைத் தானே விளக்கி, வழக்கிலும் வேரூன்றியது. ஆகவே சொல்லின் பிறப்பிடம் இங்கு அளவுகோலாகாது. காப்பவர் யார், காக்கப்படுவது எது, எதனிடமிருந்து என்னும் மூன்று வினாக்களைக் குடிமகனொருவன் எழுப்புதற்கு அச்சொல் துணைசெய்கின்றதா என்பதே அளவுகோலாகும்.

இவ்வளவுகோலுக்கு எச்சொல்லும் தனித்து நின்று முற்றும் பொருந்தாதிருக்கலாம். அவ்விடத்துச் சட்டத்தின் பொருள்கோடற் பிரிவு அம்மூன்று வினாக்களுக்கும் தமிழிலேயே விடையளித்தல் வேண்டும். கலைச்சொற் குழுக்களில் மொழியறிஞருடனும் சட்டவறிஞருடனும், அச்சொல்லாற் கட்டுண்ணும் பொதுமக்களும் அமர்தல் வேண்டும். குடிமக்களுக்கு விளங்காத சொல்லால் அவர்களைக் கட்டுப்படுத்தும் அரசு, அவர்களின் அறியாமையினைக் குற்றமெனக் கூறும் தகுதியை இழந்துவிடுகின்றது.