திருப்பப்படாத திருகு

ராபர்ட் பர்ஸிக் 1974ல் வெளியிட்ட 'ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' நூலில் ஒரு திருகு வருகிறது. வண்டியின் பக்க மூடியில் இறுகிப்போய், தலை சிதைந்து, கழற்ற வராத திருகு. அந்த ஒன்றினால் முழு வண்டியும் பயனற்றதாகிவிடுகிறது. அப்படி முட்டி நிற்கும் ஸ்திதியே புதிய அறிதலுக்கு முந்திய கட்டம் என்பது பர்ஸிக்கின் வாதம். முதலில் படித்தபோது எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. என் வண்டியில் இறுகிய திருகு வேறு ரகம். அது வண்டியை நிறுத்தவே இல்லை.

சற்று விலை கூடிய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில், முன் ஃபோர்க்கின் இரண்டு கால்களின் உச்சியிலும் ஒவ்வொரு சிறு திருகு உண்டு. அதைத் திருப்பினால் உள்ளே ஓர் ஊசி இறங்கும். எண்ணெய் கடக்கும் துவாரம் சிறுக்கும். அமுங்கிய ஸ்பிரிங் நிதானமாக எழும்பும். எதிர்த்திசையில் திருப்பினால் துள்ளி எழும்பும். விரலில் 'டிக்', 'டிக்' என்று தட்டுவதை எண்ணிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்தத் திருகை வாழ்நாள் முழுதும் தொடாமலே ஒருவன் வண்டி ஓட்டலாம். நான் நான்கு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன், தூத்துக்குடியில், உப்புக் காற்றில். மூடி அலுமினியம், திருகு எஃகு. இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் தங்கினால் பாட்டரிக்குள் நடப்பது போன்ற ஒரு வினை நடந்து அலுமினியம் அரிபடுகிறது. அரித்து உண்டாகும் வெண்பொடி, தான் பிறந்த உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். மரைகளுக்கிடையே அது நிரம்பியதும் திருகு பிடித்துக்கொள்கிறது. யாரும் எதுவும் செய்யவில்லை. அதனால்தான் நடந்தது.

பள்ளத்தில் இறங்கினால் கைப்பிடி எகிறுகிறது என்று ஒரு சனிக்கிழமை ஒர்க் ஷாப்பில் விட்டேன். பையனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். இடது கால் திருகின் பிளவுக்கு ஒட்டாத ஒரு திருப்புளியை வைத்தான்; அசையவில்லை; மேலும் அழுத்தி ஒரே மூச்சில் திருப்பினான். பிளவு வழுக்கித் தலை மழுங்கிவிட்டது. முதலாளி நாலு பேர் முன்னால் வைதார். மூடியின் விலையை வாரக்கூலியில் பிடிப்பேன் என்றார். "ஏற்கெனவே ஜாமாகி இருந்துச்சு சார்" என்று பையன் முதலாளியிடம் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னான். எனக்குத் தெரியும். நான் பேசாமல் நின்றேன்.

உடைத்த கைக்குப் பழி உண்டு. தொடாத கைக்கு இல்லை. இது ஏன் என்று யோசித்தபோது எனக்கு என் கௌண்டர்தான் ஞாபகம் வந்தது. வாடிக்கையாளர் இரண்டு வருஷத்துக்கு மேல் எதுவும் செய்யாத கணக்கைச் செயலற்றது என்று நாங்கள் குறிக்கிறோம். அங்கே செய்யாமைக்கு ஒரு தேதி உண்டு. வெளியே கிடையாது. பையன் செய்த தவறு சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு நடந்தது. நான் செய்தது எந்தத் தேதியில் நடந்தது? நடந்த நேரம் சொல்ல முடியாத ஒன்றைக் குற்றமென்று காட்டுவது கஷ்டம். அந்த வசதியில்தான் நான் மௌனமாக நின்றேன்.

இதனால் பையன் முழுக்க விடுதலையாகிவிட்டான் என்றும் சொல்ல மாட்டேன். எதிர்ப்பைக் கை உணர்ந்த பிறகும் திருப்பியது அவன்தான். தினமும் பற்றையும் வரவையும் நேர் செய்கிறவன் நான். ஆனால் என் தவறை அவன் தவறிலிருந்து கழித்து மீதியைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டும் முழுசாகவே நிற்கின்றன.

வலது காலை வீட்டில் நானே பார்த்தேன். பிளவிலிருந்த அழுக்கைக் குண்டூசியால் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க அப்படியே வைத்தேன். மறுநாள் வெந்நீரில் நனைத்த துணியை மூடியைச் சுற்றிக் கட்டினேன். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். (நெருப்புக் காட்டக் கூடாது, உள்ளே எண்ணெயும் ரப்பர் சீலும் இருக்கின்றன.) பிளவில் கச்சிதமாக அடங்கும் திருப்புளியால் முன்னும் பின்னும் மயிரிழை மயிரிழையாக. வரவில்லை. மறுபடி எண்ணெய், மறுபடி துணி. மூன்றாம் ராத்திரி, ஒரு 'டிக்'.

பொறுமை வென்றது என்று எழுத இங்கே கை பரபரக்கிறது. நம் நண்பர்கள் சிலர் இதைப் பன்னிரண்டு வரிக் கவிதையாகவும் ஆக்கிவிடுவார்கள். எட்டாவது வரியில் திருகு மனமாகிவிடும். ஆனால் எனக்கு மூன்று ராத்திரிகள் இருந்தன. பையனுக்கு அரைமணி இருந்தது, பின்னால் ஆறு வண்டிகள் நின்றன. பர்ஸிக்கின் புத்தகமும் ஒரு விடுமுறைப் பயணத்தில்தான் நடக்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. பொறுமையைக் குணம் என்கிறோம். பெரும்பாலும் அது அவகாசம். அவகாசம் உள்ளவன் நான்கு வருஷம் தொடாமல் விட்டதை அவகாசமில்லாதவன் அரைமணியில் கழற்ற வேண்டியிருந்தது.

அடுத்த கூலி நாளுக்கு முன்பே மூடிக்கான பணத்தை முதலாளியிடம் கொடுத்தேன். "அவன் தப்புக்கு நீங்க எதுக்கு சார்?" என்றார். நான் சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லை, அல்லது நான் சரியாகச் சொல்லவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டார். பையன் உள்ளே டயர் கழற்றிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

புது மூடி இன்னும் வரவில்லை. வலது காலில் என்னால் 'டிக்'குகளை எண்ண முடிகிறது. இடது எந்த எண்ணில் நின்றுவிட்டது என்று தெரியாது. கைப்பிடியை அமுக்கி விட்டால் இரண்டு கால்களும் ஒன்றாகவே எழும்புகின்றன. எது எவ்வளவு தாங்குகிறது என்று கையால் பிரித்தறிய முடியவில்லை.