சிவப்பு பம்பு

வீட்டுப் பக்கத்தில் கார் கழுவும் கடையில் ஒரு வங்காளதேசத்து அண்ணன் இருக்கிறார். ஊரைப் பற்றி மலாயில் பேசிக்கொண்டிருந்தவர், "எங்க வீட்டு அடிபம்பு சிவப்பு, பக்கத்து வீட்டுது பச்சை" என்றார். அழகுக்கு அடித்த சாயம் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

சிவப்பு என்றால் தண்ணீரில் ஆர்செனிக் இருக்கிறது, குடிக்காதே என்று அர்த்தமாம்.

குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த நாடு அது. 1970களில் அரசும் யுனிசெஃபும் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. கிருமி இல்லாத தண்ணீர் வந்தது. மண்ணுக்கடியில் இயற்கையாகவே கிடந்த ஆர்செனிக்கை மட்டும் யாரும் சோதிக்கவில்லை. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. பல வருஷம் குடித்த பிறகுதான் உள்ளங்கை தடித்துப் போகும், தோலில் கரும்புள்ளி விழும், சிலருக்குப் புற்றுநோய் வரும். பின்னாளில் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்துச் சாயம் பூசினார்கள். அதில் சுமார் 14 லட்சம் சிவப்பு.

யார் குற்றம்? 1992இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் அங்குள்ள கிணற்று நீரைச் சோதித்து அறிக்கை கொடுத்தது. அதிலும் ஆர்செனிக் சோதனை இல்லை. பாதிக்கப்பட்ட கிராமத்துக்காரர் ஒருவர் லண்டனில் வழக்குப் போட்டார். 2006இல் பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டது. அந்தத் தண்ணீர் அவர்கள் பொறுப்பில் இல்லை, ஆகவே கடமையும் இல்லை என்றது.

சட்டப்படி சரிதான். கிணறு போட்டவர்களே அவர்கள் இல்லையே!

தெரியாமல் செய்வது வேறு, தேடாமல் இருப்பது வேறு என்று முதலில் எழுதிவைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். பூமியில் உள்ள எல்லா விஷத்தையும் தேடி முடித்த பிறகுதான் தண்ணீர் தருவேன் என்றால், அதற்குள் எத்தனை பிள்ளைகள் போயிருக்கும்? தோண்டியவர்களை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. எல்லைக்கு அந்தப் பக்கம், மேற்கு வங்கத்தில், 1983லேயே கல்கத்தா மருத்துவர்கள் இதே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே வண்டல் மண், அதே மாதிரிக் கிணறு. வங்காளதேசத்தில் ஆர்செனிக் கண்டறியப்பட்டது 1993இல். நடுவில் பத்து வருஷம். குடி என்று கையில் கொடுத்தவன், பக்கத்து ஊர்ச் செய்தியைக் காதில் வாங்கவில்லை. தண்ணீர் கொடுத்தவனின் கடமை கொடுத்த அன்றோடு முடிகிறதா என்ன? குடிக்கிறவன் இன்னும் குடித்துக்கொண்டுதானே இருக்கிறான்.

"அப்ப குடிக்கத் தண்ணிக்கு?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"பக்கத்து வீட்டுலதான். அம்மா போய் எடுப்பாங்க."

"அவங்களோட சண்டை வந்தா?"

ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார், "அன்னிக்குச் சிவப்புதான்."