பிள்ளையிடம் நாணயம்



நமது தொழிலில் முதல் என்பது பணம் மட்டுமன்று. நாணயமே பெரிய முதல். பினாங்கிலுள்ள மொத்த வியாபாரி நமக்குக் கடனில் சரக்கு அனுப்புகிறார் என்றால், நமது கல்லாப் பெட்டியை எண்ணிப் பார்த்தா அனுப்புகிறார்? சொன்ன தவணையில் பணம் வந்து சேரும் என்ற நம்பிக்கையில் அனுப்புகிறார். தவணை இரண்டு முறை தவறினால் மூன்றாவது முறை சரக்கு வராது. இதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால், இதே நாணயத்தை நம் வீட்டிலுள்ள நான்கு வயதுப் பிள்ளையிடமும் நாம் காப்பாற்ற வேண்டாமா? பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்க்கவிருக்கும் பெற்றோர் முதலில் சிந்திக்க வேண்டியது இதுதான்.

பள்ளி திறக்குமுன் நாம் பல ஏற்பாடுகளைச் செய்கிறோம். பை வாங்குகிறோம், காலணி வாங்குகிறோம், கெமாஸ் பள்ளியா, தனியார் பள்ளியா என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். அலிஃப், பே ஒரு பக்கமும், அ, ஆ இன்னொரு பக்கமுமாகச் சொல்லிக் கொடுத்து, வருவோர் போவோரிடமெல்லாம் ஒப்பிக்கச் செய்கிறோம். இவையெல்லாம் நல்லவையே. ஆயினும், பள்ளி வாசலில் நிற்கும் குழந்தையின் உள்ளத்தில் எழுவது எழுத்தைப் பற்றிய கேள்வியன்று. “என்னை இங்கே விட்டுப் போகிறவர் திரும்பி வருவாரா?” என்பதே அதன் கேள்வி. அதற்கு நாம் என்ன விடை வைத்திருக்கிறோம்?

திருக்குர்ஆனில் ‘அல்கஸஸ்’ என்னும் அத்தியாயத்தில் மூஸா நபி (அலை) அவர்களின் தாயாரைப் பற்றி அல்லாஹுத் தஆலா கூறுகின்றான். ஃபிர்அவ்னுக்கு அஞ்சிப் பச்சிளங் குழந்தையை ஆற்றில் விட நேர்ந்த அந்த அன்னைக்கு, பயப்பட வேண்டாம், கவலைப்பட வேண்டாம், குழந்தையை உம்மிடமே திரும்பச் சேர்ப்போம் என்று இறைவன் வாக்களித்தான். அவ்வாறே சேர்த்தும் வைத்தான். அவருடைய கண் குளிர்வதற்காகவும், அல்லாஹ்வின் வாக்கு உண்மையானது என்று அவர் அறிவதற்காகவும் அப்படிச் செய்ததாக அதே அத்தியாயம் சொல்கிறது. பிரிவின் துயரத்தை ஆற்றும் மருந்து எதுவென்று இங்கே நாம் பார்க்கிறோம். முதலில் ஒரு வாக்கு. பிறகு அந்த வாக்கு நிறைவேறுதல். பெற்ற தாய்க்கே அந்த ஆறுதல் தேவைப்பட்டது என்றால், நான்கு வயதுக் குழந்தைக்குத் தேவைப்படாதா?

நடைமுறையில் நாம் காண்பது என்ன? பிள்ளை அழுகிறது. “அத்தா இதோ கடைக்குப் போய் மிட்டாய் வாங்கிக்கொண்டு உடனே வந்துவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டு அத்தா மறைந்துவிடுகிறார். பிள்ளை வேறு பக்கம் திரும்பிய நேரம் பார்த்து உம்மா பின்வாசல் வழியாக நழுவிவிடுகிறார். அந்த நேரத்து அழுகை அடங்கிவிடும். மறுநாள் அழுகை இரண்டு மடங்காகும். காரணம் என்ன? பிள்ளை தன் பற்று வரவுக் கணக்கில் ஒரு தவணை தவறியதைக் குறித்துக்கொண்டுவிட்டது.

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அபூதாவூத் கிரந்தத்தில் காண்கிறோம். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறு பிள்ளையாயிருந்தபோது, அவர்களுடைய தாயார், “இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்” என்று அழைத்தார்கள். அங்கே அமர்ந்திருந்த நாயகம் (ஸல்) அவர்கள், என்ன கொடுக்கப் போகிறீர் என்று கேட்டார்கள். பேரீத்தம் பழம் என்று தாயார் பதில் சொன்னார்கள். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் உம் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். பிள்ளைதானே என்று சொல்லும் வார்த்தைக்கும் ஏட்டில் இடமுண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

அப்படியானால் எப்படிப் பிரிவது? ஸலாம் சொல்லி, தலையில் கை வைத்து துஆச் செய்து, நேருக்கு நேர் விடைபெற வேண்டும். “பன்னிரண்டு மணிக்கு வருவேன்” என்றால் குழந்தைக்கு விளங்காது. “நீ பாட்டுப் பாடி, பசியாறி, விளையாடி முடித்ததும் உம்மா வாசலில் நிற்பேன்” என்றால் விளங்கும். சொன்னபின் நின்று நின்று திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில் நிற்கவும் வேண்டும். தைப்பிங் வட்டாரத்து மழை நாமறியாததன்று. மழையைச் சாக்குச் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் முன்பே புறப்படுவோம். எல்லாப் பிள்ளைகளும் போனபின் தனியே நிற்கும் குழந்தைக்கு அந்தப் பத்து நிமிடம் ஒரு பகலாகும்.

இதைப் பள்ளி திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே பழக்கலாம். பாட்டியார் வீட்டிலோ, மாமி வீட்டிலோ பிள்ளையை அரைமணி நேரம் விட்டுச் சொன்னபடி திரும்பி வர வேண்டும். பிறகு ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம். சிறு கடனை ஒழுங்காகக் கட்டியவருக்குத்தானே பெருங்கடன் கிடைக்கிறது!

இனி, வணிகர்களாகிய நமக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். நாசி கண்டார் கடையானாலும் மளிகைக் கடையானாலும், அடைத்து வீடு சேர இரவு பத்து, பதினொன்று ஆகிறது. அதுவரை பிள்ளை அத்தாவுக்காக விழித்திருக்கிறது. நாள் முழுவதிலும் அதற்குக் கிடைப்பது அந்த அரைமணி நேரம்தான். பள்ளிக்குப் போகும் பிள்ளை இரவு நேரத்தோடு உறங்க வேண்டும். ஆகவே அந்த அரைமணி நேரமும் பறிபோகிறது. பள்ளிக்கூடம் வந்ததால் அத்தாவை இழந்தோம் என்று பிள்ளைக்குத் தோன்றினால், அது பள்ளிக்கூடத்தை எப்படி விரும்பும்? இதற்கு ஒரே வழி, அந்த அரைமணி நேரத்தைக் காலைக்கு மாற்றுவதுதான். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பிள்ளையை நாமே எழுப்பி, நாமே முகம் கழுவி, நாமே காலணி மாட்டி அழைத்துச் செல்வோம். இந்த மாற்றத்தைப் பள்ளி திறக்கும் நாளில் அல்ல, இரண்டு வாரங்களுக்கு முன்பே தொடங்குவோம். கடை கொஞ்சம் தாமதமாகத் திறந்தால் ரிஸ்க் குறைந்துவிடாது, அளிப்பவன் அல்லாஹ்.

நம் முன்னோர்களை நினைத்துப் பாருங்கள். 1874-ஆம் ஆண்டு பாங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு, கிளியான் பௌ என்ற ஈயச் சுரங்க ஊர் தைப்பிங் ஆயிற்று. கிளியான் பாரு நமது கமுந்திங் ஆயிற்று. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இந்நாட்டின் முதல் ரயில் ஓடிற்று. அந்த ஈயத்தையும் பிறகு வந்த ரப்பரையும் நம்பி வளர்ந்த பேராக் ஊர்களில் கடை வைத்த நம்மவர்களில் பலர், மனைவி மக்களை நாகூரிலோ, கூத்தாநல்லூரிலோ, பனைக்குளத்திலோ, கடையநல்லூரிலோ விட்டு வந்தவர்கள். பிள்ளை முதன்முதலாக ஓதப் போன செய்தி கப்பல் கடிதத்தில்தான் அவர்களுக்கு வந்தது. கடல் நடுவே கிடந்ததால் அவர்கள் வாசல்வரை வர இயலவில்லை. நமக்கும் பள்ளிக்கும் நடுவே கிடப்பது இரண்டு சாலைத் திருப்பங்கள். அவர்களுக்குக் கிடைக்காத பாக்கியத்தை நாம் கைநழுவ விடலாமா?

மற்றொன்று, பயமுறுத்தல். “சேட்டை செய்தால் சிக்கு அடிப்பார்” என்று வீட்டிலேயே ஆசிரியையைப் பூதமாக்கிவிட்டு, பிறகு அவரிடமே பிள்ளையை ஒப்படைத்தால் அது நடுங்காதா? அனஸ் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்தார்கள். அக்காலம் முழுவதும் “சீ” என்றொரு சொல்லைக்கூடத் தாம் கேட்டதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். கற்கும் வயதுக்கு இதைவிட வேறென்ன முன்மாதிரி வேண்டும்?

கைவேலைகளும் சில உண்டு. நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் வளர்ந்த உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) என்ற சிறுவர், உணவுத் தட்டில் இங்குமங்கும் கை நீட்டியபோது, பிஸ்மி சொல்லி, வலக்கையால், தமக்கு முன்னுள்ளதை உண்ணும்படி அண்ணலார் கற்பித்தார்கள். தட்டுக்கு முன் வைத்து, மூன்றே சிறு பாடங்கள்! நாமும் அப்படியே செய்யலாம். தானே பிசைந்து உண்ணவும், தண்ணீர்ப் புட்டியைத் திறந்து மூடவும், கழிவறைக்குப் போய்ச் சுத்தம் செய்துகொள்ளவும், கை கழுவவும் பழக்குவோம். வீட்டில் தமிழ் மட்டும் கேட்ட பிள்ளைக்கு நான்கு மலாய்ச் சொற்களையாவது சொல்லிவைப்போம். கழிவறைக்குத் ‘தண்டாஸ்’, தண்ணீருக்கு ‘ஆயர்’, வலித்தால் ‘சாக்கிட்’, நன்றிக்குத் ‘தெரிமா காசே’. தன் தேவையைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும்.

எழுத்தைப் பற்றி அவசரம் வேண்டாம். 1840-இல் ஜெர்மனியில் ஃபிரோபெல் என்ற ஆசிரியர் இத்தகைய பள்ளிக்கு இட்ட பெயர் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படும். மலாய் மொழியில் பாலர் பள்ளியின் பெயரில் வரும் ‘தாமான்’ என்பதும் தோட்டமே. இந்திய முஸ்லிம்கள் பலரிடம், நான்கு வயது, நான்கு மாதம், நான்கு நாளில் பிஸ்மில்லாஹ் ஓதித் தொடங்கும் வழக்கம் இருந்து வந்தது. அது மார்க்கக் கடமையன்று. ஆயினும் அன்று பிள்ளையை மடியில் அமர்த்தி, இனிப்பு வழங்கி, மகிழ்ச்சியோடு தொடங்கினார்கள். விதை ஊன்றிய மறுநாளே காயைத் தேடுபவன் தோட்டக்காரனல்லன்.

சகோதரர்களே! பை கிழிந்தால் வேறு வாங்கலாம். எழுத்து பிந்தினால் அடுத்த ஆண்டு வரும். பெற்றவர் சொல் நம்பத்தக்கதன்று என்று ஒரு பிள்ளை முடிவு கட்டிவிட்டால், பின்னாளில் நாம் சொல்லும் தொழுகையும், ஹலால் ஹராமும் அதன் காதில் எப்படி ஏறும்? ஆகவே, வாசலில் சொன்ன சொல்லை வாசலிலேயே நிறைவேற்றுவோமாக. நம் குழந்தைகளின் உள்ளங்களில் அச்சத்தை நீக்கி, பயனுள்ள கல்வியை அளித்து, அவர்களை நம் கண்குளிர்ச்சியாக்கி வைக்க வல்ல நாயன் அருள் புரிவானாக. ஆமீன்.