விளையாட்டோடு சேர்த்து எதைக் கொடுக்கிறோம்?

நாம் சிறுவயதில் அனுபவித்ததை நம் பிள்ளைகளும் அனுபவிக்க வேண்டும் என்று ஏன் இத்தனை ஆசைப்படுகிறோம்? பாண்டி, அஞ்சாங்கல், தாயம், மழை பெய்த மறுநாள் ஏரிக்கரை என்று ஒவ்வொரு அம்மாவிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. கோடை விடுமுறை வந்ததும் அது வெளியே வந்துவிடும். இதை வெறும் பழைய நினைவு என்று ஒதுக்க முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு ஊர், வீடு, சிலருக்குப் பெயரின் பின்பாதி எல்லாமே மாறிவிடுகின்றன. அவளுடைய சிறுவயதைப் பார்த்தவர்கள் பக்கத்தில் இருப்பதில்லை. மகளுக்கு அஞ்சாங்கல் கற்றுக்கொடுக்கும்போது, யாருக்கும் மனைவியாகவோ அம்மாவாகவோ இல்லாதிருந்த தன்னை அவள் மகளுக்கு அறிமுகப்படுத்துகிறாள். இந்த ஆசை நியாயமானது. ஆனால் விளையாட்டோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் கைமாறுகிறது என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெண்பிள்ளைகளின் விளையாட்டுக்கு எப்போதும் ஒரு கெடு இருந்தது. சங்க அகப்பாடல்களில் ஓரையும் வண்டலும் ஆடித் திரிந்த பெண் பருவம் எய்தியதும் வீட்டுக்குள் நிறுத்தப்படுகிறாள். அதற்கு இற்செறிப்பு என்று பெயரே இருக்கிறது. நம் பாட்டிகள் காலத்தில் தெருவில் ஆடிய பாண்டி நின்று, திண்ணைக்கு உள்ளே பல்லாங்குழி தொடர்ந்தது. வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே உட்கார வைத்த நாட்களில் பொழுது போக அவளிடம் கொடுத்ததும் அந்தப் பதினான்கு குழிப் பலகைதான். இன்று ‘பாரம்பரிய விளையாட்டு’ என்று சொல்லி அதை அழகான பெட்டியில் வைத்து விற்கிறார்கள். விளையாட்டு நல்ல விளையாட்டுதான். புளியங்கொட்டையை எண்ணி எண்ணிப் போட்டவர்கள் எந்தக் கதவுக்கு உள்ளே இருந்து போட்டார்கள் என்பதையும் மகளிடம் சொல்லலாம்.

நற்றிணையின் 172ஆம் பாடலில் ஒரு புன்னைமரம் வருகிறது. தோழிகளோடு விளையாடிய பெண்கள் வெண்மணலில் புன்னை விதையை அழுத்தி வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைக்கிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். அந்த மரத்தை அம்மா பெண்களுக்குத் தங்கை என்று சொல்லிவிடுகிறாள். மகளின் விளையாட்டுக்குள் ஒரு தாய் இவ்வளவு அன்போடு நுழைவது அபூர்வம். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். தலைவன் வரும்போது, அந்த மர நிழலில் அவனோடு சிரித்துப் பேச நாணமாக இருக்கிறது என்கிறாள் தோழி. அவனைத் திருமணத்துக்குத் தூண்டத்தான் இப்படிப் பேசுகிறாள் என்பது உரை மரபு. எனக்கு வேறொன்றும் தெரிகிறது. அம்மாவின் ஒரு சொல் விளையாடிய இடத்திலேயே ஒரு கண்ணை நட்டுவிட்டது. அன்பாகக் கொடுத்தது காவலாகவும் ஆகிவிட்டது.

நான் வசிக்கும் ராஜகீழ்ப்பாக்கத்தில் இந்தக் கேள்வி அன்றாடம் எழுகிறது. வேளச்சேரி – தாம்பரம் சாலையில் இருக்கிற இந்த ஊர், செம்பாக்கத்தோடு சேர்ந்து 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. சுற்றிலும் ஏரிகள் உண்டு: ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம். மனைகளும் அடுக்குமாடிகளும் அவற்றை நெருங்கி வந்துவிட்டன. பேருந்தும் தண்ணீர் லாரியும் ஓடுகிற சாலையைத் தாண்டி ஒரு பத்து வயதுப் பெண்ணைத் தனியே ஏரிக்கரைக்கு அனுப்ப யாருக்கும் துணிவில்லை. அதனால் அம்மா கூடப் போகிறாள். ‘நான் உன் வயதில்…’ என்று தொடங்குகிறாள். உண்மையில் அவளுடைய சந்தோஷம் ஏரியில் மட்டும் இல்லை. பெரியவர்கள் யாரும் பார்க்காமல் ஒரு மணி நேரம் இருந்ததிலும் இருந்தது. அதை அவள் கூடவே நின்றுகொண்டு கொடுக்க முடியாது. பயம் பொய்யில்லை. பயத்தைக் காரணம் காட்டி மகனை அனுப்பிவிட்டு மகளை மட்டும் நிறுத்தும்போதுதான் அது பழைய இற்செறிப்பாகிறது.

பட்டியலே இல்லாத அம்மாக்களும் இருக்கிறார்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே நொண்டியடித்தவர்கள், விளையாடுகிற வயதில் வேலைக்குப் போனவர்கள். பிள்ளைகளோடு பகிர அவர்களிடம் என்ன இருக்கிறது? புதுக்கோட்டை இதற்கு ஒரு பதில் சொன்னது. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டப் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையும் எடுத்தார்கள். அதன் குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்க வசதியாக இருந்தது. சிறுவயதில் மறுக்கப்பட்ட ஒன்றைப் பிள்ளையைச் சுமந்தபடியே அம்மா அனுபவித்தாள். இருவருக்கும் அது முதல் தடவை. தன்னிடம் மிச்சமிருக்கும் மகிழ்ச்சியைத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. இல்லாததையும் சேர்ந்தே தேடலாம்.

ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியா அதை 1992இல் ஏற்றது. வீட்டுக்குள் அந்த உரிமையை அளக்கப் பெரிய அளவுகோல் வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு மகன் எங்கே இருக்கிறான், மகள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்தால் போதும். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தால் முதலில் பகிர வேண்டியது அந்த வேலையை; அதை வீட்டிலுள்ள ஆண்களோடும் பகிர வேண்டும். பிறகு அஞ்சாங்கல்லை எடுத்து வைக்கலாம். அவள் பிடிக்கவில்லை என்று சொன்னால் கற்களை எடுத்து உள்ளே வைத்துவிடலாம். அம்மாவுக்கு இன்னும் ஆடத் தோன்றினால் அவள் தனியாகவே ஆடலாம். அவளுக்கும் கெடு முடிந்துவிடவில்லை.