பழைய உடலும் புதிய எஞ்சினும்

அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரொன்றின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதனிடத்தில் பிற்காலத்து வலுமிக்க எஞ்சினொன்றைப் பொருத்தினால், அது அதே கார்தானா? அன்றிப் பழைய சட்டை அணிந்துகொண்ட வேறொரு காரா? இங்கிலாந்தில் பழைய கார்களைப் பேணுவோரிடையே இக்கேள்வி நெடுங்காலமாகவே விவாதிக்கப்பட்டு வருகின்றது. தொழிற்சாலையின் வாயிலை ஒரு கார் எவ்வாறு தாண்டிற்றோ அவ்வாறே அதனைக் காப்பது கடமை என்பர் ஒரு சாரார். ஓடுவதற்கென்று செய்யப்பட்டதை நன்றாக ஓடச் செய்வதே அதற்குச் செய்யும் மரியாதை என்பர் மறு சாரார்.

வசதி படைத்தோரின் பொழுதுபோக்குச் சண்டை என்று இதனை நாம் ஒதுக்கிவிடலாம். ஒதுக்கலாகாது என்பதே என் கருத்து. ஒரு பொருளின் அசல் தன்மை எதிலே தங்கியுள்ளது, அதனைத் தீர்மானிப்போர் யார், அத்தீர்மானத்தால் பயனடைவோர் யார் என்ற மூன்று வினாக்களும் இச்சிறு தகராற்றினுள் அடங்கிக் கிடக்கின்றன. தூய்மை என்றும் கலப்படம் என்றும் பேசுவோர் மோட்டார்ப் பட்டறையில் மாத்திரம் இருப்பவர்களல்லர். இரும்பிலும் அலுமினியத்திலும் வைத்து இவ்வினாக்களை ஆராய்வதில் ஒரு வசதியுண்டு. இங்கே உண்மைகளைத் தொட்டும் நிறுத்தும் பார்க்கலாம்.

எம்.ஜி.பி. என்னும் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962ஆம் ஆண்டு தொடங்கி 1980ஆம் ஆண்டுவரை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் பூட்டப்பட்டன. அவற்றின் எஞ்சின் நான்கு சிலிண்டர்கள் கொண்டது, வார்ப்பிரும்பாலானது, கொள்ளளவு 1.8 லீற்றர். ரோவர் நிறுவனத்தின் வி-8 எஞ்சினோ எட்டுச் சிலிண்டர்களும் 3.5 லீற்றர் கொள்ளளவும் உடையது. எனினும் அது அலுமினியத்தால் வார்க்கப்பட்டது. ஆதலால் அதன் நிறை பழைய இரும்பு எஞ்சினின் நிறையிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. ஏறத்தாழ இருமடங்கு கொள்ளளவுள்ள எஞ்சினை, முன்சக்கரங்களின் மீது பெரும் பாரத்தை ஏற்றாமலே வைக்கலாம் என்பதை 1970ஆம் ஆண்டளவில் கென் கொஸ்ரெல்லோ என்னும் ஆங்கிலேயர் செய்துகாட்டினார். அவ்வாறு மாற்றிய கார்களை விற்பனையும் செய்தார். பின்னர் 1973இல் உற்பத்தி நிறுவனமே அதே எஞ்சினை வைத்து எம்.ஜி.பி. ஜி.ரி. வி-8 என்ற காரை வெளியிட்டது. 1976 வரை அவ்வகையில் 2,591 கார்கள் செய்யப்பட்டன.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். உடல் ஒன்று, எஞ்சினும் ஒன்று. தனிப் பட்டறையொன்றில் பூட்டினால் அது கலப்படம். நிறுவனத்தின் கூரையின் கீழ்ப் பூட்டினால் அது அசல். அவ்வாறாயின் அசல் என்ற சொல் உலோகத்தைப் பற்றியோ வேலையின் செம்மையைப் பற்றியோ எதனையும் கூறவில்லை. செய்தவனுக்கு அதிகாரம் இருந்ததா என்பதையே அது கூறுகின்றது.

இன்னும் ஓரடி பின்னே செல்வோம். எம்.ஜி.பி.யின் 'தூய' எஞ்சின் ஸ்போர்ட்ஸ் காருக்கென்றே பிறந்ததா? இல்லை. அதே வரிசை எஞ்சின், சிறிய கொள்ளளவுகளில், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலான குடும்பக் கார்களை இழுத்தது. எங்கள் நாட்டு வீதிகளில் பல்லாண்டுகள் வாடகைக்கு ஓடிய கார்கள் அவை. ரோவரின் வி-8 தானும் பிறப்பால் ஆங்கில எஞ்சினன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் தன் பியூக் முதலிய சிறிய கார்களுக்காக அதனை வடிவமைத்தது. 1961ஆம் ஆண்டுக் கார்களில் அறிமுகமாகி, 1963ஆம் ஆண்டுடன் அங்கே கைவிடப்பட்டது. அதனைச் செய்யும் உரிமையை ரோவர் வாங்கி, 1967 தொடக்கம் தன் கார்களில் பயன்படுத்தியது. அமெரிக்கர் கைவிட்டது ஆங்கிலேயரின் பெருமையாயிற்று. தூய்மை என்று போற்றப்படுவதன் மூலத்தைத் தேடிப் போனால், அங்கே முந்தைய கலப்பொன்று நின்று நம்மை வரவேற்கின்றது. பழையது நீங்குவதும் புதியது நுழைவதும் காலத்தின் இயல்பேயன்றிக் குற்றமன்று என்று மொழிக்கு விதி செய்த நன்னூலார், உலோகத்துக்கும் அதனையே கூறியிருப்பார் போலும்.

தத்துவ நூல்களில் இப்பிரச்சினை மிகப் பழையது. தீசியசின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பேணி வந்தனர் என்றும், உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக அகற்றிப் புதியவற்றை வைத்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் அதனை மேலும் சிக்கலாக்கினார். கழற்றிய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அதே ஒழுங்கில் மீண்டும் பூட்டினால், இரண்டில் எது தீசியசின் கப்பல்? எஞ்சின் மாற்றிய காரின் உரிமையாளனும் இவ்வினாவினின்று தப்ப முடியாது. பழைய எஞ்சின் பட்டறை மூலையில் எண்ணெய் படிந்து கிடக்கின்றது. நாளை அதனை வேறொருவன் வாங்கி வேறொரு பழைய உடலில் வைப்பான். அப்போது 'அந்தக் கார்' எங்கே நிற்கும்?

நூல்களோடு நின்றிருந்த இவ்வினா 1990இல் இலண்டன் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. வழக்குக்குக் காரணமானது 'பழைய முதலாம் இலக்கம்' எனப் பொருள்படும் பெயரால் வழங்கிய பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார். 1929ஆம் ஆண்டிலும் 1930ஆம் ஆண்டிலும் பிரான்சின் லெ மான் நகரில் நடைபெற்ற 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற கார் அது. ஆறரை லீற்றர் எஞ்சினோடு வென்ற அதற்கு, 1932இல் பென்ட்லியின் பிந்திய எட்டு லீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் புறூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையின் உயர்ந்த சரிவைத் தாண்டி அது வெளியே பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். சிதைந்த கார் பின்னர் மூடிய காராக மீளக் கட்டப்பட்டது. காலப்போக்கில் பல பாகங்கள் மாறின. பழைய பந்தயத் தோற்றம் தரும் உடலொன்றும் மீண்டும் அமைக்கப்பட்டது. இதனைப் பத்து மில்லியன் பவுணுக்கு வாங்க உடன்பட்ட நிறுவனம், இது அந்தக் காரே அன்று என்று கூறிப் பின்வாங்கியது. வழக்கு எழுந்தது.

நீதிபதி ஒட்டன் விற்றவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். பந்தயம் வென்ற நாளின் உலோகத்தில் மிகச் சிறிதே எஞ்சியிருந்ததை அவர் மறுக்கவில்லை. அதனை மாற்றமடையாத மூலப்பொருள் என்று கூற முடியாது என்றும் ஒப்புக்கொண்டார். ஆயினும், புதிய பாகங்கள் படிப்படியாக முழுமையினுள் கரைந்தன. வரலாறு எவ்விடத்திலும் அறவில்லை. ஆதலால் அப்பெயருக்கு அக்கார் உரியதே என்பது அவர் முடிவு.

இத்தீர்ப்பு அறிவுக்குப் பொருந்துவது. ஆயின் அது நின்றுவிட்ட இடத்திலிருந்து நாம் மேலும் செல்ல வேண்டும். அறாத வரலாறு என்பது என்ன? அது வானத்திலிருந்து இறங்கி ஒரு காரின்மீது அமர்வதில்லை. முன்னவன் செய்து வைத்ததைப் பின்வந்த தொழிலாளி கையால் தடவி விளங்கிக்கொண்டு, அதனோடு இசையுமாறு புதிய பாகத்தைக் கடைந்து பொருத்தினான். அவனுக்குப் பின் வந்தவன் அவ்வாறே செய்தான். அத்தொடர்ச்சிக்கே வரலாறு என்று பெயர். பொருளின் அடையாளத்தைக் காத்தது உழைப்பு. பந்தயம் வென்றவர்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. இரு வெற்றிகளிலும் ஓட்டியவர்களுள் ஒருவரான வூல்ப் பார்னாட்டோ, பென்ட்லி நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தவர்; தென்னாபிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களால் செல்வம் குவித்த குடும்பத்தின் வாரிசு. வைரத்தை அகழ்ந்தவர்களின் பெயர்களோ, எஞ்சினை மாற்றிப் பூட்டியவர்களின் பெயர்களோ அந்தப் பத்து மில்லியனைப் பற்றிய வாதத்தில் விலை பெறவில்லை.

அசல் தன்மையைப் பற்றிய ஆரவாரம் பெரும்பாலும் விலையைப் பற்றிய ஆரவாரம் என்பதற்கு வேறு சான்றுமுண்டு. பெருமளவில் மாற்றிய கார் தன் பழைய பதிவிலக்கத்தை வைத்துக்கொள்ளலாமா என்பதைத் தீர்மானிக்கப் பிரித்தானிய அரசு பல ஆண்டுகள் ஒரு புள்ளி முறையைக் கையாண்டது. உடற்கூட்டுக்கு 5 புள்ளிகள். தொங்கலமைப்பு, அச்சுகள், கியர்த்தொகுதி, திருப்பும் அமைப்பு ஆகியவற்றுக்குத் தலா 2. எஞ்சினுக்கு 1 மாத்திரமே. பதிவைக் காக்க 8 போதும். காரின் அடையாளத்தில் எஞ்சினுக்குப் பதினான்கில் ஒரு பங்கையே அவ்விதி வழங்கியது. சந்தையோ எஞ்சினில் பொறித்த இலக்கமும் தொழிற்சாலைப் பதிவேடும் ஒத்துள்ளனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கின்றது. ஒத்திருந்தால் விலை ஏறுகின்றது. ஆதலால் வேறொரு எஞ்சினின் இலக்கத்தை அராவி அழித்து, வேண்டிய இலக்கத்தைப் பொறிக்கும் மோசடியும் தோன்றிற்று. இது வேறு காலத்து எஞ்சின் என்று வெளிப்படையாகச் சொல்லி ஓட்டுபவனின் கலப்புக் காரையும், பொய் இலக்கம் தாங்கிய 'அசல்' காரையும் அருகருகே நிறுத்துங்கள். எது நேர்மையானது? மாற்றத்திலே பொய் இல்லை. மாற்றத்தை மறைப்பதிலேயே பொய் உண்டு.

பயன்பாடே முதன்மை பெறும் இடத்தில் இவ்வினா எழுவதேயில்லை. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில், மேலே கூறிய ஒஸ்ரின், மொரிஸ் கார்கள் சிறிதளவு பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளியை ஆசுபத்திரிக்கு ஏற்றிச் சென்ற அக்கார், செய்தவன் எண்ணியவாறு ஓடுகின்றதா என்று எவரும் கேட்கவில்லை.

எனினும் நான் மாற்றத்தை ஆதரிப்பதனால், பழமையைக் காப்போரின் வாதத்தில் உள்ள உண்மையை மூடிவிடுவது நேர்மையன்று. கழற்றப்பட்ட எஞ்சினும் மனித உழைப்பின் சாட்சியமே. அக்காலத்தவர் இரும்பை எவ்வாறு வார்த்தனர், எந்த அளவுக்குத் துல்லியமாகக் கடைந்தனர் என்பதற்கு அதுவே ஏடு. ஒரு வகையில் எஞ்சியிருப்பது ஒன்றோ இரண்டோ எனின், அதனை வெட்டுவது ஓலைச்சுவடியைக் கிழித்து அடுப்பெரிப்பதற்கு ஒப்பாகும். ஐந்து இலட்சத்துள் ஒன்றாயின் நிலைமை வேறு. அப்போதும் தேவையின்றி உடற்கூட்டை வெட்டாதிருப்பதும், கழற்றிய எஞ்சினைக் காத்துவைப்பதும், என்ன செய்தோம் என்பதை எழுதிவைப்பதும் பின்வருவோர்க்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.

மாற்றுவோர் பலர் மறந்துவிடும் இன்னுமொரு கடனும் உண்டு. எஞ்சினை மாத்திரம் மாற்ற முடியாது. வலு கூடினால் வேகம் கூடும். வேகம் கூடினால் பழைய பிறேக் போதாது. கூடுதல் வெப்பத்தைப் பழைய றேடியேற்றர் தாங்காது. கூடுதல் முறுக்குவிசையைப் பழைய கியர்ப்பெட்டியும் பின்னச்சும் தாங்கமாட்டா. ஒரு பகுதியில் நிகழும் மாற்றம் முழுமையையும் மாற்றுமாறு கேட்கின்றது. இதனை உணராதவன் புதிய வலுவைப் பழைய உடலில் அடைத்துவிட்டுத் தெருவில் இறங்கினால், அதற்குரிய விலையைச் செலுத்துபவன் அவன் மாத்திரமல்லன். ஓரமாக நடந்து செல்லும் வழிப்போக்கனும் செலுத்துகின்றான். என் உடைமை, என் விருப்பம் என்ற வாதம் தெருமுனையில் முடிந்துவிடுகின்றது. சமூக அமைப்பின் பழைய சட்டகத்தை அவ்வாறே வைத்துக்கொண்டு, புதிய சக்தியொன்றை உள்ளே புகுத்தினால் போதும் என்று நம்பும் அரைகுறைச் சீர்திருத்தவாதிகள் ஒருமுறை நல்ல மெக்கானிக் ஒருவரோடு பேசிப் பார்க்கலாம்.

இன்று இவ்விவாதம் புதிய கட்டத்தை அடைந்துள்ளது. பழைய கார்களிலிருந்து பெற்றோல் எஞ்சினையே நீக்கி மின்மோட்டார் வைக்கின்றனர். 2018இல் பிரித்தானிய இளவரசர் ஹரி தம் திருமண நாளில் ஓட்டிச்சென்ற 1968ஆம் ஆண்டு ஜாகுவார் ஈ-டைப் அவ்வாறு மாற்றப்பட்டதே. பழைய வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பான ஃபீவா, அவ்வாறு மாற்றியவற்றை வரலாற்று வாகனங்களாக ஏற்க முடியாது என்று 2019இல் அறிவித்தது. ஏட்டைக் காப்பவர் என்ற முறையில் அவர்கள் அவ்வாறு கூறுவது நியாயமே. ஆயினும் வரலாறு 1968ஆம் ஆண்டோடு நின்றுவிட்டதென்று அதற்குப் பொருள் கொள்ளல் ஆகாது. எரிபொருளைப் பற்றி உலகம் கவலையுறும் காலத்தில் வாழ்ந்தோரின் கைவேலையும் அக்காரின் வரலாற்றில் ஓர் அத்தியாயமே.

ஆகவே, இது அசலா என்று ஒருவர் கேட்கும்போது, நாம் வேறு சில கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டும். இம்மாற்றத்துக்குத் தேவை இருந்ததா? மாற்றியவன் முன்னவனின் வேலையை விளங்கிக்கொண்டு மாற்றினானா? முழுமைக்கும் பிறருக்கும் பொறுப்பேற்றானா? செய்ததை மறைக்காமற் சொன்னானா? இந்நான்குக்கும் ஆம் என்று விடை வருமாயின், அந்தக் கார் தன் பெயருக்கு உரியது. விடை இல்லையாயின், தொழிற்சாலையில் வைத்த முதல் ஆணிவரை மாறாதிருப்பினும், அது விலை குறித்த ஒரு பண்டமேயன்றி வேறன்று.