கணக்கெழுதும் கை

யாரும் பார்க்காத இடத்தில் மனிதன் நேர்மையாக இருப்பானா? பழைய கேள்விதான். ஆயினும் அது ஒரு பிளாஸ்டிக் தட்டின் வடிவில் பொகவந்தலாவைக்கு வந்து சேரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தங்கை மகன் மூன்று தட்டுகளைக் கொண்டுவந்திருந்தான். அவனது வீட்டருகே பூங்காவில் ஆடும் விளையாட்டாம்; பெயர் டிஸ்க் கோல்ப். கோல்ப் என்றதும் எமக்கு நுவரெலியாப் புல்வெளிதான் நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரத் துரைமார் தமக்கென அமைத்துக்கொண்ட மைதானம் அது. இது அவ்வகையைச் சேர்ந்ததன்று. 1975இல் லொஸ் ஏஞ்சல்ஸ் புறநகரில், ஓக் குரோவ் என்னும் பொதுப் பூங்காவில் இதற்கான முதலாவது நிரந்தரத் தடம் எட் ஹெட்ரிக் என்பவரால் அமைக்கப்பட்டது. ஆரம்பத்தில் கம்பங்களே இலக்கு. சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையையும் பின்னர் அவரே உருவாக்கினார். தட்டு விழுந்த இடத்தில் நின்று மீண்டும் எறிய வேண்டும். குறைந்த எறிகளில் கூடையில் இடுபவர் வெல்வார். இன்று உலகெங்கும் 10,000க்கும் அதிகமான தடங்கள் உள்ளன. பூங்காவில் பொழுதுபோக்காக ஆடும்போது நடுவர் கிடையாது. தன் எறிகளைத் தானே எண்ணிச் சொல்ல வேண்டும்.

பாடசாலை மைதானத்தில் ஐந்து கம்புகளை நட்டு, பழைய கொழுந்துக் கூடைகளைக் கட்டினோம். மூன்று பக்கமும் தேயிலை. கை தப்பினால் தட்டு செடிகளுக்குள் போய்விடும். பத்தாம் தர மாணவர் நால்வரும் நானும் ஆடினோம். கொப்பியும் பென்சிலும் என் கையில். ஆசிரியரல்லவா!

மூன்றாவது கூடைக்கு எறிந்த என் தட்டு சரிவுக்குள் விழுந்தது. இறங்கிப்போய் எறிந்தேன், கிளையில் பட்டுக் காலடியிலேயே விழுந்தது. திரும்பவும் எறிந்தேன். அந்தக் கூடையை முடித்ததும் 'நான்கு' என்று எழுதினேன். உண்மையில் ஐந்து. மறந்துவிட்டேன் என்று இப்போது சொல்லலாம். மறக்கவில்லை.

அடுத்த கூடையில் ஒரு மாணவன் அவ்வாறே செடிகளுக்குள் இறங்கினான். ஆடி முடித்தவன், "ஆறு போடுங்க சேர். உள்ளுக்கு ஒன்னு சறுக்கிருச்சு" என்றான். இறுதியில் ஓர் எறி வித்தியாசத்தில் அவனை நான் வென்றேன். உண்மைக் கணக்கில் இருவரும் சமம்.

பிறகு தனியாகக் கேட்டேன். "யாரும் காணல்லயே மகன், ஏன் சொன்ன?"

"பொய்க் கணக்கு எழுதுனா எப்படி இருக்கும்னு தெரியும் சேர். அம்மா கொழுந்து நிறுக்கிற எடத்துல பாத்திருக்கேன்."

கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக்களைக் கழிப்பது தோட்டங்களில் நெடுநாள் வழக்கம். குறித்த நிறை வராவிட்டால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டபோதும், அதற்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்ற தர்க்கம்தான் பல தோட்டங்களில் மூண்டது. தராசின் முன் நிற்பவள் தன் கணக்கைத் தானே சொல்வதில்லை. சொன்னாலும் எழுதுவாரில்லை.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் ஓர் இடையன் கதை வருகிறது. அணிந்தவனைப் பிறர் கண்ணுக்கு மறைக்கும் மோதிரம் ஒன்று அவனுக்குக் கிடைக்கிறது. அவன் அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான். அகப்படமாட்டோம் என்றால் எவனும் அப்படித்தான் நடப்பான் என்பது அங்கே முன்வைக்கப்படும் வாதம். அதை நம்பித்தான் நாம் எளியவர்மீது கண்களை நிறுத்தி வைக்கிறோம். கங்காணி என்ற சொல்லே கண்காணிப்பதிலிருந்து பிறந்ததுதானே. ஆனால் எங்கள் மைதானத்தில் அந்த மோதிரம் பையனின் விரலில் இருக்கவில்லை. பென்சில் பிடித்த என் விரலில் இருந்தது. என் கணக்கை எவரும் ஒருநாளும் சந்தேகித்ததில்லை, நான் பிசகினேன். பிறர் எழுதிய கணக்கால் வீட்டில் பட்டினி கண்டவன் பிசகவில்லை. அவனை நேர்மையாக்கியது கண்காணிப்பல்ல. பொய்க் கணக்கு எங்கே போய் வலிக்கும் என்ற அறிவு.

கூட்டு வியாபாரியிடம் கணக்குக் கேட்பதுபோல் மனத்திடமும் கேட்கவேண்டும் என்கிறார் இமாம் கஸ்ஸாலி. முஹாசபா என்பது அதுவே. இதைக் கூட்டங்களில் நானே எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். எனினும் மனத்திடம் மட்டும் விட்டுவிடலாமா? தனக்காக மட்டும் எண்ணுபவனுக்கு அது போதும் எனலாம். பிறர் கணக்கையும் எழுதும் கைக்குப் போதாது. அந்தக் கையை, எழுதப்படுகிறவர் பார்க்க முடிய வேண்டும்.

அடுத்த ஞாயிறு பழைய பக்கத்தை எல்லோர் முன்னிலையிலும் திறந்து, நான்கை வெட்டி ஐந்து என்று எழுதினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கொப்பியையும் பென்சிலையும் அவனிடம் கொடுத்தேன்.

அன்றும் மூன்றாவது கூடையில் என் தட்டு தேயிலைக்குள்தான் போனது. நான் இறங்கினேன். கொப்பியோடு அவனும் பின்னால் இறங்கி வந்தான்.